இரவு முழுக்க விறகடுப்பு அணையாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

கோபி | லின்ட்சே, ஒன்ராறியோ

எல்லோருக்கும் வணக்கம். போன கோடையில் ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு லின்ட்சேக்கு வடக்கே ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டைச் சூடாக்கப் புரொப்பேன் வாயு ஃபேர்னஸ் இருக்கிறது. முதல் பில் வந்த நாளிலிருந்து மனைவி என்னை தேர்மோஸ்ரற் பக்கம் போக விடுவதில்லை. வீட்டோடு வந்த விறகடுப்பு ஒன்று ஹோலில் இருக்கிறது. இரும்புத் தகட்டில் செய்தது, முன்னுக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே மேல்பக்கம் துளை போட்ட குழாய்கள். புகையை எரிக்கிற கேட்டலிற்றிக் கட்டி இல்லை. உள் அளவு 1.6 கன அடி என்று கையேட்டில் இருக்கிறது.

பிரச்சினை இதுதான். பதினொரு மணிக்கு நிறைய அடுக்கிவிட்டுப் படுத்தால் விடியப்புறம் நாலு மணிக்கே வீடு குளிர்ந்துவிடுகிறது, தணல்கூட மிஞ்சுவதில்லை. சரி, காற்று போகும் துவாரத்தை மூடிப் பார்ப்போம் என்று மூடினால் கண்ணாடி கறுத்துப்போய், காலையில் பாதி கருகின கட்டைகள் அப்படியே கிடக்கின்றன. மேப்பிள் விறகு. நன்றாகக் காய்ந்தது என்று சொல்லித்தான் தந்தார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மரவெட்டி | ரென்ஃப்ரூ, ஒன்டாரியோ

கோபி, ஒரே ஒரு கேள்வி. கட்டையை அடுப்பில் வைத்ததும் வெட்டின முனையில் நுரை தள்ளுகிறதா?

கோபி | லின்ட்சே

ஓம் அண்ணை. நுரையும் வருகிறது, ஸ்ஸ் என்று சத்தமும் வருகிறது. அது மரப்பிசின் என்று நினைத்தேன்.

மரவெட்டி | ரென்ஃப்ரூ

பிசின் இல்லை, தண்ணீர். மேப்பிளில் அவ்வளவு பிசின் கிடையாது. உங்களுக்கு விற்றவர் போன வசந்தத்தில் வெட்டி, கோடையில் பிளந்து, இலையுதிர் காலத்தில் "காய்ந்தது" என்று தள்ளியிருக்கிறார். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் விற்கிறார்கள். மேப்பிளைப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் மூடி வைத்தால்கூட ஒரு முழு வருடமாவது வேண்டும். ஓக் என்றால் இரண்டு வருடம். கனேடியன் டயர் கடையில் இருபது முப்பது டாலருக்கு ஈரம் அளக்கும் மீட்டர் கிடைக்கும். வாங்குங்கள். கட்டையின் வெளிப்பக்கம் குத்திப் பார்த்துப் பயனில்லை. ஒரு கட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு நாள் வைத்து, புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

விறகு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, நான் இரவில் செய்வதைச் சொல்கிறேன்.

படுக்கும் நேரத்தில் அடுப்பை நிரப்பக் கூடாது. படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் நிரப்ப வேண்டும். இதுதான் பலர் கோட்டை விடும் இடம். மாலையில் போட்ட விறகு எரிந்து, உள்ளங்கை உயரத்துக்குச் சிவந்த தணலாக இறங்கும்வரை விடுங்கள். சுவாலை ஆடிக்கொண்டிருக்கும்போது மேலே மேலே திணிக்காதீர்கள். பிறகு காற்றை முழுக்கத் திறந்து, அரை நிமிடம் பொறுத்து, கதவை முதலில் ஒரு விரல்கடை மட்டும் திறந்து, அப்புறம் மெதுவாக முழுக்கத் திறங்கள். சட்டென்று இழுத்தால் புகை முகத்தில் அடிக்கும்.

தணலை எல்லாம் வாரி முன்பக்கம், கதவோரம் கொண்டுவாருங்கள். பெரும்பாலான அடுப்புகளில் காற்று கண்ணாடியை ஒட்டி மேலிருந்து இறங்கி அந்த இடத்தில்தான் விழும். பின்பக்கம் காலியான இடத்தில் இருப்பதிலேயே பருத்த கட்டையை வையுங்கள். அதன்மேல் அடுத்தது. இடைவெளி விடாமல் நெருக்கமாக அடுக்க வேண்டும். மாலை நேரத்துக் குறுக்கும் நெடுக்குமான அடுக்கு வேகமாக எரிவதற்கு. இரவுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. காற்று நுழைய இடமில்லாத அடுக்கு முன்னாலிருந்து பின்னால் மெதுவாகப் பற்றிக்கொண்டு போகும். சின்னச் சுள்ளி, மெல்லிய பிளப்பு எதுவும் இந்த அடுக்கில் வேண்டாம்.

கதவை மூடிவிட்டு, காற்றை முழுக்கத் திறந்தபடி பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அடுக்கின் மேல்பக்கம் முழுவதும் சுவாலை தொட வேண்டும். குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி இருந்தால், ஒற்றைத் தகட்டுக் குழாயில் 400 ஃபாரன்ஹீட் பக்கம் வந்ததும் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். சுவாலை சுருங்கி, திரும்ப எழும். எழுந்ததும் கால்வாசி. மறுபடி பாருங்கள். கட்டைகளை விட்டு எழுந்து, மேலே குழாய்த் துளைகளின் அடியில் சோம்பலாக மிதக்கிற சுவாலை வந்துவிட்டால் போய்ப் படுக்கலாம். கண்ணாடி தெளிவாக இருக்கும். வெளியே போய்ப் பார்த்தால் புகைபோக்கியில் புகை இருக்காது.

காலையில் என்ன எதிர்பார்க்க வேண்டும்? சுவாலை இல்லை. சாம்பலுக்குள் கொய்யாக்காய் அளவில் நாலைந்து கங்கு இருந்தால் போதும். வாரி முன்னால் இழுத்து, இரண்டு மெல்லிய பிளப்பு வைத்து, காற்றைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி தேவைப்படாவிட்டால் அந்த இரவு வெற்றிதான்.

சிவம்72 | லோரன்ஷியன் மலைப்பக்கம், கியூபெக்

இதெல்லாம் பெரிய சாத்திரம். நான் 1990களின் தொடக்கத்திலிருந்து விறகடுப்பு எரிக்கிறேன். வார்ப்பிரும்பு அடுப்பு, கண்ணாடியும் இல்லை ஒன்றும் இல்லை. பத்தரைக்கு நிறைக்க வேண்டியது, மேலே ஒரு பச்சைக் கட்டை வைக்க வேண்டியது, காற்றை இறுக்கி மூட வேண்டியது. காலை ஏழு மணிக்கும் சூடு நிற்கும். பச்சைக் கட்டை மெதுவாக எரியும் என்பது இங்கே ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

1998 ஜனவரியில் பனிமழை வந்து மின்கம்பங்கள் எல்லாம் விழுந்தபோது இந்தப் பகுதியில் கிழமைக்கணக்கில் கரண்ட் இல்லை. பக்கத்து இரண்டு வீட்டுக்காரரும் எங்கள் வீட்டு ஹோலில்தான் படுத்தார்கள். அந்த அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. மீற்றரும் இல்லை, வெப்பமானியும் இல்லை.

மீனா | வெர்மான்ட்

சிவம் ஐயா, 1998 கதையைக் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பச்சைக் கட்டை விஷயத்தில் நான் சண்டைக்கு வருகிறேன்.

விறகில் உள்ள சக்தியில் பாதிக்கு மேல் கட்டையில் எரிவதில்லை, கட்டையிலிருந்து கிளம்பும் வாயுவில் எரிகிறது. மரம் சூடானதும் முதலில் நீராவி போகும். 200, 300 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் மரமே சிதைந்து வாயுவாக வரும். அந்த வாயு பற்ற 600 டிகிரி அளவில் சூடும், கூடவே காற்றும் வேண்டும். நீங்கள் காற்றை மூடி, பச்சைக் கட்டையும் வைத்தால் இரண்டும் இல்லை. வாயு எரியாமல் அப்படியே மேலே போகிறது. புகைபோக்கியின் மேல்பாதி குளிர்ந்திருக்கும். அங்கே உட்சுவரில் தாராகப் படிகிறது. அதுதான் கிரியோசோட். ஒரு நாள் காலையில் அட்டைப்பெட்டியைக் கொளுத்திப் போடும்போது அது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் 1000 டிகிரிக்கு மேல் போகும். ஓடு வெடிக்கும், உத்தரம் பற்றும்.

பச்சைக் கட்டை மெதுவாக எரிகிறது என்பது உண்மைதான். அதன் சூட்டில் ஒரு பங்கு தன் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போய்விடுவதால் மெதுவாக எரிகிறது.

இன்னொன்று. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது இங்கே எல்லோரும் காற்றுப் புகாத அடுப்புகளை வாங்கி, இதே போல மூடி மூடி எரித்தார்கள். புகைபோக்கித் தீ விபத்துகள் கூடின. 1988ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அடுப்புகளுக்கு முதல் முறையாகப் புகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான். இப்போதைய வரம்பு, 2020 முதல், மணிக்கு 2 கிராம் நுண்துகள். கோபி வைத்திருப்பதைப் போன்ற துளைக்குழாய் அடுப்புகளில் காற்றை "முழுக்க மூடினாலும்" கொஞ்சம் காற்று போய்க்கொண்டே இருக்கும்படி செய்திருப்பார்கள். அதைத் தகடு வைத்து அடைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

சிவம்72

வருடா வருடம் புகைபோக்கி துடைக்கிறேன் பிள்ளை. இரண்டு முறை துடைக்கிறேன்.

மீனா

ஒவ்வொரு முறையும் எவ்வளவு வருகிறது ஐயா?

சிவம்72

ஒரு வாளி.

மரவெட்டி | ரென்ஃப்ரூ

ஐயா, எனக்கு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு கை அள்ளுகிற அளவு பழுப்புப் பொடி. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சிவம்72

நான் மொன்றியலுக்குள் இருக்கவில்லை, அது போதும். அங்கே 2018லிருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் தள்ளும் அடுப்பைக் கொளுத்தவே கூடாது, கரண்ட் நின்றுபோனால் ஒழிய. இந்த மலையில் என்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

வடகடல் | ஃபின்மார்க், நோர்வே

தம்பி கோபி, நான் 80களின் கடைசியில் மீன் ஆலை வேலைக்கென்று இங்கே வந்தவள். அப்போது இருந்த வாடகை வீட்டில் ஒரு யோத்துல் 118 அடுப்பு. பச்சை எனாமல் பூசினது, ஒடுக்கமாய் நீளமாய் இருக்கும், முழ நீளக் கட்டை போகும். காற்று முன் கதவால்தான் வரும். கட்டை முன் நுனியில் பிடித்து, சுருட்டு எரிவதுபோலப் பின்னுக்குப் போகும். அதன் பக்கத் தகட்டில் நோர்வீஜிய மொழியில் ஒரு வாசகம் வார்த்திருப்பார்கள். இரவில் என் நெருப்பை மூடி வைக்கிறேன், கடவுளே அது ஒருபோதும் அணையாதிருக்கட்டும் என்கிற கருத்து. எனக்கு மொழி தெரியாத காலத்தில் வீட்டுக்காரக் கிழவி அதை விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லித் தந்தா. ஊரில் அம்மாவும் கொள்ளியைச் சாம்பலால் மூடிவிட்டுத்தான் படுப்பா, அதனால் எனக்கு அது புதினமாகத் தெரியவில்லை.

ஆனால் இப்போது இங்கே யாரும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை. 1998க்குப் பிறகு விற்கிற அடுப்பு எல்லாம் சுத்தமாக எரிகிற வகையாக இருக்க வேண்டும். பேர்கனில் 2021லிருந்து பழைய வகையை எரிக்கவே தடை. நகரசபையிலிருந்து புகைபோக்கி துப்புரவாக்க வருகிறவர் அடிக்கடி சொல்வது இதைத்தான்: காற்றை நெரித்து இரவு முழுக்கப் புகைய விடாதே, நன்றாக எரித்து அணைய விடு, காலையில் புதிதாகக் கொளுத்து. கொளுத்துவதும் தலைகீழ். பெரிய கட்டை கீழே, சின்னக் கட்டை மேலே, உச்சியில் சுள்ளி. நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும். புகை மிகக் குறைவு, ஏனென்றால் கீழிருந்து எழும் வாயு சுவாலை வழியாகத்தான் போக வேண்டும். பேர்ச் பட்டை ஒரு துண்டு இருந்தால் ஒரே தீக்குச்சி.

நான் இரவு அணைய விடுகிற கட்சி. வீட்டில் கரண்டில் சூடாக்குகிற ஹீற் பம்ப் இருக்கிறது, சுவருக்குள் நல்ல இன்சுலேஷன் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழும்பினால் பதினேழு பதினெட்டு டிகிரி இருக்கும். தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் அடுப்பும் எரியும். இதற்காக ஏன் இரவெல்லாம் நெருப்பைக் காவல் காக்க வேண்டும்?

கோபி | லின்ட்சே

அக்கா, எங்கள் வீட்டில் காலையில் பதினொரு டிகிரி. இன்சுலேஷன் என்று சுவரைத் திறந்தால் பழைய பத்திரிகைத் தாள் வருகிறது.

மீனா | வெர்மான்ட்

அப்படியானால் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். நிறையப் பேர் அடுப்பைத் திட்டுகிறார்கள், கணக்குதான் காரணமாக இருக்கும்.

காய்ந்த விறகு எந்த மரமானாலும், கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி. ஆமாம், பைனும் ஓக்கும் எடைக்கு எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அடர்த்தியில். ஒரே அடுப்புக்குள் ஓக் அதிகக் கிலோ அடங்கும், அவ்வளவே. அடுப்பின் திறன் 75 சதவீதம் என்று வைத்தால் வீட்டுக்கு வருவது கிலோவுக்கு 3. கோபியின் 1.6 கன அடியில் மேப்பிளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் 10 கிலோ அளவில்தான் போகும். ஆக 30 கிலோவாட் மணி. எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு நாலுக்கும் கீழே.

ஓட்டை விழுந்த பழைய பண்ணை வீடு மைனஸ் 25ல் மணிக்கு 10 கிலோவாட் மணிகூட இழக்கும். 1.6 கன அடி அடுப்பு எந்த வித்தை செய்தாலும் அந்த வீட்டை அந்த இரவில் விடியும்வரை சூடாக வைக்காது. காற்றை மூடினால் சக்தி கூடப்போவதில்லை, வரும் வேகம் குறையும், புகையாகப் போவது கூடும். மைனஸ் 5ல் அதே அடுப்பு தாராளமாகப் போதும்.

எனவே ஜன்னல் இடுக்கையும் பரணையும் அடைப்பதில் முதலில் காசு போடுங்கள். பிறகு அடுப்பு மாற்றுவதாக இருந்தால் 3 கன அடிப் பக்கம் பாருங்கள். அதில் காலைவரை நல்ல தணல் நிற்கும்.

செல்வா | சட்பரி, ஒன்ராறியோ

கேட்டலிற்றிக் அடுப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. எங்களிடம் இருப்பது பிளேஸ் கிங். உள்ளே தேன்கூடு மாதிரித் துளை உள்ள ஒரு பீங்கான் கட்டி, அதில் பல்லேடியம் போன்ற உலோகப் பூச்சு. மீனா அக்கா சொன்ன 600 டிகிரி இல்லாமலே, 260 டிகிரி அளவிலேயே புகை அதில் எரிந்துவிடும். அதனால் மெதுவாக எரித்தாலும் புகைபோக்கி கெடாது. கூடவே ஒரு தேர்மோஸ்ரற் சுருள், தானாகவே காற்றைக் கூட்டிக் குறைக்கும். நல்ல விறகென்றால் காலையிலும் மாலையிலும் என்று இரண்டு தரம் நிரப்பினால் போதும். விலை கூட. அந்தக் கட்டி சில வருடங்களில் தேயும், மாற்ற வேண்டும். ஈர விறகும் வர்ணம் பூசின பலகையும் அதற்கு எமன்.

இன்னொரு குறை, கண்ணாடியில் நெருப்பு தெரியாது. கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாய் ஏதோ மினுங்கும், அவ்வளவுதான். என் மனைவிக்கு அதில் பெரிய மனக்குறை.

பிரபு | குன்னூர்

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. எங்கள் வீடு வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, ஹாலில் திறந்த ஃபயர்ப்ளேஸ். டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும். சீகைக் கட்டையும் கற்பூர மரமும்தான் எரிக்கிறோம். இரவு பத்துக்குப் போட்டால் பன்னிரண்டுக்கு அணைந்துவிடுகிறது. நீங்கள் சொல்வதெல்லாம் இதற்கும் பொருந்துமா?

மரவெட்டி | ரென்ஃப்ரூ

பொருந்தாது நண்பரே. கதவு இல்லாவிட்டால் காற்று உங்கள் கையில் இல்லை. திறந்த ஃபயர்ப்ளேஸ் வீட்டுச் சூட்டுக் காற்றையே உறிஞ்சி மேலே அனுப்பும், அடுத்த அறை முன்னைவிடக் குளிரும். இரவில் தணல் மிஞ்சியிருக்கும்போது சூடு போகிறதே என்று புகைபோக்கித் தடுப்பை மட்டும் மூடிவிட்டுப் படுக்காதீர்கள். தணலுக்குப் புகை இருக்காது, ஆனால் கார்பன் மோனாக்சைடு என்கிற மணமில்லாத நச்சு வாயு இருக்கும். அது போக வழியில்லாமல் அறைக்குள் வரும். குளிர்ப் பிரதேசத்தில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி ஒவ்வொரு வருடமும் வருகிறது, அதே விஷயம்தான். அந்தக் குழிக்குள்ளேயே பொருந்துகிற கதவு வைத்த அடுப்புகள் இருக்கின்றன. கொல்லரிடம் சொல்லிச் செய்தால் புகைக்குழாயை அரைகுறையாக விட்டுவிடாமல் மேல்வரை கொண்டுபோகச் சொல்லுங்கள்.

வானதி | பெரி, ஒன்ராறியோ

தாதியாக வேலை செய்கிறவள் என்பதால் மேலே சொன்னதற்கு ஒரு வால். கார்பன் மோனாக்சைடு அபாயம் நெருப்பு வீறாக எரியும்போது குறைவு. விடியப்புறம், தணல் அடங்கும் நேரம்தான் கவனம். புகைபோக்கி குளிர்ந்து இழுவை குறையும். அந்த நேரம் யாராவது குளியலறை மின்விசிறியையும் சமையலறைப் புகை உறிஞ்சியையும் போட்டால் வீடு காற்றை எங்கிருந்தாவது இழுக்கப் பார்க்கும். புகைபோக்கி வழியாகவே இழுக்கும். வெளிச்சுவரோடு ஏறுகிற புகைபோக்கி என்றால் இன்னும் கவனம். தலையிடி, சத்தி வருவதுபோல இருக்கும், காய்ச்சல் இருக்காது, வெளியே போனால் சுகமாகிவிடும். சளி, தடிமன் என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார்கள்.

ஒன்ராறியோவில் விறகடுப்பு உள்ள வீட்டில் படுக்கையறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் 2014லிருந்து சட்டப்படி கட்டாயம். கோபி தம்பி, பழைய வீட்டில் இருப்பது மஞ்சளாகிப்போன பெட்டி என்றால் பின்பக்கத் திகதியைப் பாருங்கள். அதற்கும் ஆயுள் உண்டு.

கோபி | லின்ட்சே

மீற்றர் வாங்கிப் பார்த்தேன். பிளந்த உள்முகத்தில் 31. இன்னொரு கட்டையில் 34. விற்றவருக்குப் போன் எடுத்தால் "எல்லா விறகும் கொஞ்சம் ஈரம் இருக்கும்தானே" என்கிறார்.

இந்தக் குளிருக்கு என்ன செய்வது? கொட்டில் நிறைய அந்த விறகுதான்.

மரவெட்டி | ரென்ஃப்ரூ

அதை அப்படியே அடுத்த வருடத்துக்கு விடுங்கள். கொட்டிலுக்குள் அடைத்து வைத்திருந்தால் வசந்தத்தில் வெளியே எடுத்து, வெயிலும் காற்றும் படும் பக்கம் தட்டுப்பலகை மேல் ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். தடித்த கட்டைகளை இன்னொரு தரம் பிளந்தால் இன்னும் சீக்கிரம் காயும்.

இந்த வருடத்துக்கு இரண்டு வழி. ஒன்று, அழுத்திச் செய்த விறகுக் கட்டிகள், மரத்தூளில் செய்தவை, மெழுகு சேர்க்காதவை. அவற்றில் ஈரம் பத்துக்கும் கீழே. விலை அதிகம்தான். எல்லாவற்றுக்கும் வேண்டாம், இரவு அடுக்குக்கு மட்டும் வையுங்கள். நிறையத் திணிக்காதீர்கள், அவை விறகைவிடச் சூடாக எரியும்.

இரண்டாவது, ஆஷ் மரம். மரகதத் துளைப்பான் என்கிற பச்சை வண்டு 2002ல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து தென் ஒன்டாரியோ ஆஷ் மரங்களைத் தீர்த்துக்கட்டிவிட்டது. உங்கள் நிலத்திலேயே பட்டை உதிர்ந்து நின்றபடி செத்த ஆஷ் இருக்கும். பச்சையாக வெட்டினாலே மற்ற மரங்களைவிட ஈரம் குறைந்த மரம் அது. செத்து நின்றதன் மேல்பாதி சில நேரம் நேரே அடுப்புக்குப் போகிற பதத்தில் இருக்கும். மீட்டரால் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆனால் செத்த ஆஷை நீங்களே வெட்டப் போகாதீர்கள். கிளை கண்ணாடி மாதிரி உடைந்து தலையில் விழும், தெரிந்த ஆளை வைத்து வெட்டுங்கள். அந்த விறகை வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டும் போகாதீர்கள், வண்டு பரவியதே அப்படித்தான்.

அப்புறம், இவ்வளவு நாள் ஈர விறகு எரித்திருக்கிறீர்கள். காய்ந்த விறகைப் போட்டு நெருப்பு உக்கிரமாகும் முன் புகைபோக்கியைத் துடைத்துவிடுங்கள். விறகடுப்பு ஆய்வுக்கான வெட் (WETT) சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிட்டால் ஆய்வும் அதோடு முடியும். வீட்டுக் காப்புறுதிக்காரர் எப்படியும் அந்தக் காகிதத்தைக் கேட்பார்.

ரமணன் | மனிற்ரோபா

இடையில் ஒரு சந்தேகம். இரவு காற்றைக் குறைத்த பிறகு சில நாள் அடுப்புக்குள் "டொம்" என்று ஒரு சத்தம். குழாய் மூட்டுகளிலிருந்து புகை சீறி வருகிறது. கதவு லேசாக ஆடுகிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

மீனா | வெர்மான்ட்

காற்றை ஒரே இழுப்பில் குறைக்கிறீர்கள். சுவாலை செத்துவிடுகிறது, சூடு இருப்பதால் வாயு மட்டும் கிளம்பிச் சேர்கிறது. பிறகு ஒரு தணலிலிருந்து பொறி எழுந்ததும் மொத்தமாகப் பற்றுகிறது. படிப்படியாகக் குறையுங்கள், ஒவ்வொரு படியிலும் ஒரு சுவாலையாவது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் கதவைத் திறந்து பார்க்கவே கூடாது. காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

ரமணன் | மனிற்ரோபா

நன்றி. இன்னொன்று, மைனஸ் 35 நாட்களில் நாள் முழுக்க நிரப்பி நிரப்பி, இரவு வரும்போது பாதி அடுப்பு தணலாலேயே நிறைந்துவிடுகிறது. புதுக் கட்டைக்கு இடமில்லை. தணலிலும் போதிய சூடு வருவதில்லை.

சிவம்72 | லோரன்ஷியன்

இதற்கு நான் சொல்கிறேன். மாலை ஆறு மணி போல, தணலை முன்னுக்கு இழுத்து, மேலே ஒரே ஒரு மெல்லிய பைன் துண்டு. காற்றை முழுக்கத் திற. அந்தப் பைன் எரிகிற வேகத்தில் தணலும் சேர்ந்து கரையும், சூடும் வரும். இரண்டு தரம் செய்தால் இரவுக்கு இடம் கிடைக்கும்.

மீனா

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதில் சண்டை இல்லை.

சிவம்72

பச்சைக் கட்டையும் ஒரு நாள் சரி என்பீர்கள்.

வடகடல் | ஃபின்மார்க்

சாம்பலையும் சொல்லிவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மரத்தளம் எரிந்தது சாம்பலால்தான். "ஆறிவிட்டது" என்று கடதாசிப் பையில் போட்டு வைத்திருக்கிறார்கள். நீறு பூத்த நெருப்பு நாலு நாள்கூட உள்ளே உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகர வாளி, வீட்டை விட்டுத் தள்ளி, கல் அல்லது சீமெந்து மேல். அடுப்புக்குள்ளும் முழுக்க வழித்து எடுக்க வேண்டாம், இரண்டு விரல் உயரம் சாம்பல் அடியில் கிடக்கட்டும், அதற்குள்தான் தணல் தங்கும்.

கோபி | லின்ட்சே

புகைபோக்கி துடைக்க ஆள் வந்து போய்விட்டார். கதவு ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கிற கயிறு தட்டையாகிவிட்டது, மாற்றினால் நல்லது என்றார். காற்றுத் துவாரத்தை மூடினாலும் சில நாள் நெருப்பு கட்டுக்குள் வராமல் எரிந்ததற்கு அதுவும் காரணமா? நானே மாற்றலாமா?

மரவெட்டி | ரென்ஃப்ரூ

கண்டிப்பாகக் காரணம். அந்த இடுக்கு வழியாகக் காற்று திருட்டுத்தனமாகப் போனால் நீங்கள் கைப்பிடியை எங்கே வைத்தாலும் அடுப்பு கேட்காது. அடுப்பு நன்றாக ஆறியிருக்கும்போது ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் அப்படிப் பாருங்கள். சில கையேடுகளில் டாலர் நோட்டை வைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அது அமெரிக்க நோட்டுக்கு. நம் நோட்டு பிளாஸ்டிக், சூடான கதவில் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள், மளிகைக்கடை ரசீது போதும்.

மாற்றுவது அரை மணி நேர வேலை. கதவைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்து, பழைய கயிற்றை உரித்து, பள்ளத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். கயிற்றின் தடிமன் கையேட்டில் இருக்கும், அதே அளவு வாங்குங்கள். தடித்தது நல்லது என்று வாங்கினால் கதவு மூடாது, மெல்லியது என்றால் மாற்றியும் பயனில்லை. பள்ளத்தில் அடுப்புப் பசையை மெல்லிசாக விட்டு, கயிற்றை இழுக்காமல் அமுக்கிக்கொண்டே போங்கள். இழுத்து ஒட்டினால் மெலிந்துவிடும். மூட்டு கீல் பக்கம் வரட்டும். கதவை மாட்டி, மூடி, ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் சின்ன நெருப்பாகத் தொடங்குங்கள்.